சதைத் துடிப்பும் நோய் பற்றிய வஸ்வாஸும்

 

இஷா தொழுதுவிட்டுப் படுக்கிறீர்கள். கெண்டைக்காலில் ஒரு சதை தானாகத் துடிக்கிறது. மறுநாள் கண் இமை துடிக்கிறது. டீ கிளாஸைப் பிடிக்கும்போது விரல் லேசாக நடுங்குகிறது. செல்போனில் தேடிப் பார்த்தால் ‘மோட்டார் நியூரான் நோய்’ என்று வந்து நிற்கிறது. அன்றிலிருந்து அத்தஹிய்யாத்தில் உட்கார்ந்தாலும் மனம் காலைத்தான் கவனிக்கிறது. இப்படிப்பட்ட அச்சத்தோடு நம் ஸஃப்பில் நிற்பவர்கள் உண்டு. வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை.

முதலில் மருத்துவம் சொல்வதைக் கேட்போம். ஒரு நரம்பு இழை தானாகத் தூண்டப்பட்டால் அதோடு இணைந்த சில தசை நார்கள் மட்டும் சுருங்கும். தோலுக்கு அடியில் புழு நெளிவதைப் போல் தெரிவது அதுதான். தூக்கக் குறைவு, கடும் உழைப்பு, மனக் கவலை, அளவுக்கு மீறிய டீ, காபி ஆகியவை இதைக் கூட்டும். (டீயைப் பற்றிப் பேசினால் பாதி ஜமாஅத் முகம் சுளிக்கும், தெரியும்!) கை நடுக்கமும் அப்படித்தான். எல்லா மனிதருடைய கையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. பயம் வந்தால் அது பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்து இன்னும் பயப்படுகிறோம். நடுக்கம் இன்னும் கூடுகிறது.

துடிப்பு இருந்தும் பரிசோதனையில் நரம்பு நோய்க்கான அறிகுறி எதுவும் காணப்படாத 121 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை.

அதற்காக டாக்டரிடம் போகவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பாதம் தரையில் இழுபடுகிறது, பேச்சு குழறுகிறது, விழுங்கச் சிரமமாக இருக்கிறது, சதை மெலிகிறது, சும்மா இருக்கும்போதே ஒரு கை நடுங்குகிறது என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். தைராய்டு, ஆஸ்துமா இன்ஹேலர் போன்றவற்றாலும் நடுக்கம் வரும். அதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

பிரச்சினை, டாக்டர் “ஒன்றுமில்லை” என்று சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

தொழுகையில் காற்றுப் பிரிந்தது போல் தோன்றும் மனிதரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. சத்தத்தைக் கேட்கும் வரை அல்லது நாற்றத்தை உணரும் வரை அவர் தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என்றார்கள் (புகாரி 137). உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்ற பெரும் ஃபிக்ஹு விதிக்கு உலமாக்கள் காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. மருத்துவர் தொட்டுப் பார்த்து, தட்டிப் பாரத்துச் சொன்னது உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம். இரவு 2 மணிக்கு மனதில் எழுவது சந்தேகம். எதன்படி நடக்க வேண்டும்?

ஐந்தாறு முறை உளூச் செய்தும் திருப்தி வராதவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை கழுவும்போதும் சற்று நிம்மதி, பிறகு மீண்டும் சந்தேகம். விரலை நீட்டி நீட்டிப் பார்ப்பதும், குதிகாலைத் தூக்கி நின்று பலத்தைச் சோதிப்பதும், திரும்பத் திரும்ப இணையத்தில் தேடுவதும் அதே உளூதான். வஸ்வாஸுக்கு மருந்து அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே என்று ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். துடித்தால் துடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் கண் துடித்தால் வலதா இடதா என்று கேட்டு நல்லது கெட்டது சொல்வார்கள். சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது, எனவே நாம் அதைச் சிரித்து ஒதுக்குகிறோம். ஆனால் ஒரு சதை துடித்ததை வைத்து, “இன்னும் மூன்று வருடத்தில் என் பிள்ளைகள் அநாதையாகிவிடுவார்கள்” என்று முடிவு கட்டுவது மட்டும் என்ன? அதுவும் மறைவானதைச் சதையில் படிக்கப் பார்ப்பதுதான். ஆயுளின் அளவு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது.

இப்படிப் பயப்படுகிறவரிடம் “உனக்கு ஈமான் போதாது” என்று சொல்லிவிடாதீர்கள். சூனியக்காரர்களின் கயிறுகள் நெளிவது போல் தோன்றியபோது மூஸா (அலை) அவர்களின் மனதிலும் அச்சம் எழுந்ததை தாஹா சூராவில் அல்லாஹ் சொல்கிறான். ஹிஜ்ரி 322இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள், உடலுக்கும் உள்ளத்துக்குமான மருத்துவத்தை ஒரே நூலில் சேர்த்து எழுதி, அதில் பயத்துக்கும் வஸ்வாஸுக்கும் தனித்தனி அத்தியாயம் வைத்தார்கள். தூக்கமும் வேலையும் கெட்டுப்போகும் அளவுக்கு அச்சம் முற்றினால் மனநல மருத்துவரிடம் போவதில் எந்தக் குறைவும் இல்லை. அதுவும் சிகிச்சைதான்.

இன்றிரவு படுக்கும் முன் செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடியதை அனஸ் (ரலி) அவர்கள் அருகிலிருந்து கேட்டு அறிவித்திருக்கிறார்கள். அந்த துஆ மனப்பாடமாக இல்லாதவர்கள் தொழுகைக்குப் பிறகு இமாமிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.