உழவர்க்கு உதவும் வெள்ளைக் கொக்கு

ஐப்பசி மழையில் குளங்கள் நீர் பெற்றதும், சங்கரன்கோவில் வட்டாரத்து வயல்களிலும் கரைகளிலும் வெள்ளைக் கொக்குகள் மிகுதியாகத் தென்படும். அவை யாவும் ஓரினம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மீனை நாடும் கொக்கு வேறு; பூச்சியை நாடும் கொக்கு வேறு. இவ்வேற்றுமையை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தோற்றம்: சின்ன வெள்ளைக் கொக்கிற்கு அலகும் கால்களும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய வெள்ளைக் கொக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமுடையது. இவ்விரண்டும் ஆழமற்ற நீரில் அசையாது நின்று மீனையும் தவளையையும் கொத்துவன. உண்ணிக்கொக்கோ 50 சென்டிமீட்டர் அளவே உடையது. அலகு மஞ்சள், கழுத்து குட்டை. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலை, கழுத்து, முதுகு ஆகியவை பொன்னிறம் பெறும்.

உணவு: உண்ணிக்கொக்கு ஏரின் பின்னும் மேயும் மாட்டின் அருகிலும் நடப்பதை யாவரும் கண்டிருப்போம். கால்பட்டு எழும் வெட்டுக்கிளி, ஈ, புழு முதலியவற்றை அது பிடித்து உண்கிறது. தனித்து மேய்வதினும் மாட்டுடன் செல்கையில் அதற்குக் குறைந்த நடையில் மிகுந்த இரை கிட்டுகிறது. டிராக்டரையும் அது அவ்வாறே தொடரும். பெயரில் உண்ணி இருப்பினும், உண்ணி அதன் உணவில் சிறு பகுதியே.

கூடு: தென்னாட்டில் பெரும்பாலும் மழைக்குப் பின்னரே கொக்குகள் கூடு கட்டுகின்றன. குளத்துக் கருவேல மரங்களிலும் ஊர்ப் புளிய மரங்களிலும் கூட்டங்கூட்டமாகச் சுள்ளிக்கூடு அமைத்து, வெளிர்நீல முட்டைகள் மூன்று முதல் ஐந்து வரை இடும். அடைகாத்தல் மூன்று வாரத்திற்குச் சற்று மிகும்.

ஒரு காலத்தில் மேனாட்டுச் சீமாட்டிகளின் தொப்பியை அலங்கரிக்க இவற்றின் மெல்லிறகுக்காகவே கொக்குகள் கொல்லப்பட்டன. 1902-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவற்றுக்குக் காவலாக உள்ளது.

இன்றைய இடர் வேறு. கூடுள்ள மரத்தை வெட்டினால் குஞ்சுகள் மடியும். கண்மூடித்தனமாக மருந்து தெளித்தால் இரையும் நஞ்சாகும். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் மக்கள் ஊருக்குள் கூடு கட்டும் பறவைகளையும் பேணி வருகின்றனர். பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் அவர்கள் வயலுக்கு உரமாகின்றன. 1994-ஆம் ஆண்டில் அவ்விடம் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

குளத்து மரங்களை ஏலமிடும் பேச்சு எழுந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை வெட்டு வேண்டாம் என்று அங்கத்தினர்கள் ஒருமித்துக் கேட்பார்களாக. கூலியின்றிப் பூச்சி பொறுக்கும் துணைக்கு நாம் அளிக்கக்கூடிய கூலி, சில மாதப் பொறுமையே.