பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி.: டாக்டரிடம் போகும் முன்...

கரன்ட் பில் கட்ட மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். மறதியும் கவனச்சிதறலும் பொறுமையின்மையும் வேலை, வீடு இரண்டையும் சேர்த்துக் குலைத்தால், அது ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) ஆக இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. விரிவாகப் பேசித்தான் கண்டறிவார்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய ரேங்க் கார்டு பரணில் கிடந்தால் எடுத்துப் போங்கள். மார்க்கைவிட, ‘வகுப்பில் கவனம் இல்லை’ என்பது போன்ற ஆசிரியர் குறிப்புதான் உதவும். அம்மாவோ அண்ணனோ உடன் வந்தால் இன்னும் நல்லது. (நீங்கள் மறந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்!) நன்றாகப் படித்தவர் என்பதாலேயே இது இல்லை என்றாகிவிடாது.

தூக்கக் குறைவு, தைராய்டு, பதற்றம், மனச்சோர்வு எல்லாமே இதுபோலத் தோன்றலாம். சாப்பிடும் மாத்திரைகள், குடிப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 6 கேள்விப் பட்டியல் முதல்கட்டச் சல்லடை மட்டுமே. ரீல்ஸ் பார்த்து முடிவுக்கு வருவதற்கு அதுவே எவ்வளவோ மேல். நண்பரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

எங்கே போவதெனத் தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.