குமுளியில் குடை, கீழே காற்று

கேள்வி: ஜூன், ஜூலையில் குமுளியில் மழை கொட்டுகிறது. மலைக்குக் கீழே எங்கள் லோயர் கேம்ப்பில் காற்றும் சாரலும்தான். மேகம் எங்கே போய்விடுகிறது?
– எட்டாம் வகுப்பு மாணவி, லோயர் கேம்ப்

மேகம் எங்கும் போவதில்லை தங்கச்சி, கரைந்துவிடுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடும். மிச்சத்தோடு குமுளியைத் தாண்டி உங்கள் பக்கம் இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அப்படி. மேகமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். அந்தச் சூட்டில் மேகத்தின் நீர்த்துளிகள் ஆவியாகிவிடும். ஆடி மாதத்தில் மலை முகட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள்: மேகம் விளிம்பைத் தாண்டி வழியும், பாதிச் சரிவு வருவதற்குள் காணாமல் போகும். பரீட்சையில் இதை ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று எழுதினால் மதிப்பெண் உறுதி.

ஆனாலும் அந்த மழை உங்களை முழுசாக ஏமாற்றவில்லை. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி உங்கள் ஊர் மின்நிலையத்தைச் சுற்றவைப்பது அதே தண்ணீர்தான். வானத்திலிருந்தே நேராக வேண்டுமென்றால் ஐப்பசி வரை பொறுங்கள், வடகிழக்குப் பருவமழை வரும்.