பந்திக்கு வருமுன்

சி.எஸ்.ஐ. சபையில் திருவிருந்து, கத்தோலிக்கர் வழக்கில் நன்மை வாங்குதல், பெந்தெகொஸ்தே சபையில் அப்பம் பிட்குதல். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மூன்றையும் கேட்கலாம். மூன்றும் வரப்போகும் பெரிய விருந்தின் முன்ருசி. கடைசி இரவில் சீடர்களோடு பந்தியில் இருந்தபோது, இனி தேவனுடைய ராஜ்யத்தில்தான் திராட்சரசம் பருகுவேன் என்று இயேசு சொன்னார். அங்கே யாரோடு உட்காரப்போகிறோமோ அவர்களோடு இங்கேயே உட்காரப் பழக வேண்டும். இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை

• சண்டையை முந்தின நாளே தீருங்கள். வரப்புத் தகராறோ, சீட்டுப் பணமோ, சபைத் தேர்தல் பகையோ, எதுவானாலும் சரி. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்றவர் இயேசு. ஆராதனையில் சமாதானம் கைமாறி வரும்போது மனைவிக்கும் மைத்துனருக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பேசாமல் இருப்பவரைத் தேடிப்போய்க் கொடுங்கள்.

• பிந்தி வருபவர்களுக்காகக் காத்திருங்கள். கொரிந்து சபையைப் பவுல் கண்டித்தது இதற்காகத்தான். வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்த அதிகாரத்தைத் திருவிருந்து தோறும் வாசிக்கிறோம். ஆனால் விடியுமுன் கரும்பு வெட்டப் போகிறவர்களும், மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்களும் நம் காலை ஆராதனைக்கு எப்படி வருவார்கள் என்று எத்தனை சபைக் குழுக்கள் யோசித்திருக்கின்றன? வெட்டுக் காலத்திலாவது ஒரு திருவிருந்தை மாலையில் வையுங்கள்.

• வர முடியாதவர்களின் பெயரை ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவரும் சபையின் அங்கத்தினர்தான்.

• திடப்படுத்தல் வகுப்பிலும் புதுநன்மை வகுப்பிலும் எப்படி முழங்கால் போடுவது, எப்படிக் கை நீட்டுவது என்பதோடு நிறுத்தாதீர்கள். எல்லா ஜனங்களுக்கும் மலைமேல் விருந்து வைக்கும் கடவுளை ஏசாயா 25-இல் காட்டுங்கள். வெளிப்படுத்தலில் வரும் ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்தைக் காட்டுங்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் பந்தியைத் தாமாகவே மதிப்பார்கள்.

செய்யக்கூடாதவை

• சாதி வரிசையைப் பந்திக்குக் கொண்டுவராதீர்கள். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஒரு காலத்தில் உயர்சாதியார் தனியே உட்கார்ந்தார்கள், தனியே பந்திக்கு வந்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இதை நிறுத்தச் சொன்னபோது பலர் சபையை விட்டே போனார்கள். நம் பக்கத்துக் கதை இன்னும் நெருக்கமானது. தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்ட லைப்சிக் மிஷன், சாதி வழக்கங்களைச் சபைக்குள் பொறுத்துக்கொண்டது. அதை ஏற்க மாட்டாமல் அங்கிருந்து விலகிய ஜெர்மன் மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860-களில் பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்தது. சாதியை மறுத்துப் பிறந்த சபை அது. அந்தப் பிறப்பை மறந்துவிட்டு ஊர்த் தெருவுக்கு ஒரு வரிசை, காலனிக்கு ஒரு வரிசை என்று இருப்பது பெரும் துரோகம். 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே நற்கருணையை வாங்குகிறவர்கள்.

• ஒருவருடைய சான்றிதழில் என்ன மதம் எழுதியிருக்கிறது என்று பந்தியருகே ஆராயாதீர்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிற தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. பிள்ளையின் படிப்புக்காகத் தவிக்கும் குடும்பத்தை அப்பத்தின் முன்னால் கூனிக்குறுக வைப்பது பாவம்.

• தனிக் கிண்ணத்தைப் பழைய அருவருப்புக்கு மறைவிடமாக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகளில் சிறு கிண்ணங்கள் வந்தன. நோய்க்குப் பயந்தால் சரிதான். பக்கத்தில் முழங்கால் போட்டவரைப் பார்த்துப் பயந்தால் தவறு.

• வருகைக்கு நாள் குறிப்பவர்களை நம்பாதீர்கள். பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், இன்னும் ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று திருவிதாங்கூரில் 1875-இல் அறிவித்தார். ஏராளமானோர் நம்பினார்கள். 1881 வந்தது, போனது. அந்த நாள் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

• புதுநன்மைக்குக் கடன் வாங்கி ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள்.

• எல்லாம் பரலோகத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி இங்குள்ள அநியாயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நம் மூதாதைகள் பலர் கூலியும் பசியும் தீண்டாமையும் அனுபவித்துக்கொண்டே அந்த ராஜ்யத்தை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அவர்களைப் பள்ளிக்கூடம் கேட்க வைத்தது, தெருவில் நிமிர்ந்து நடக்க வைத்தது. உம்முடைய ராஜ்யம் வருக என்று வாய் ஜெபிக்கும்போது கை சும்மா இருக்கக்கூடாது.

அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வாசலா, ஒரே வரிசையா? இல்லையென்றால், வரும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பே நடுவில் இருக்கும் சுவரை இடியுங்கள்.