மலைப்பாதை லாரிகளுக்குக் கியர் எண்ணெய் மாற்றுதல்

பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளின் பூண்டும் கேரட்டும் லாரிகளில்தான் சமவெளிச் சந்தைகளை அடைகின்றன. சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலிலிருந்து இறங்குகையில், தாழ்ந்த கியரே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பாரத்துடன் மலையேறும்போது கியர் எண்ணெய் அதிகம் சூடேறி விரைவில் கெடுகிறது. பற்கள் தேய்ந்தால் இறக்கத்தில் கியர் நழுவி, முழுப் பாரமும் பிரேக் மீது விழும்.

எனவே, கையேட்டில் சாதாரண உழைப்புக்கும் கடின உழைப்புக்கும் தனித்தனிக் கெடு தரப்பட்டிருந்தால், குறைந்த கிலோமீட்டரையே கடைப்பிடிக்கவும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது வடிக்கவும். அதில் இரும்புத் துகள் மிகுந்திருந்தால் தேய்மானம். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. தானியங்கி கியர் வண்டிகளில் வடிகட்டியையும் கையேட்டின்படி மாற்றவும். கையேட்டில் கண்ட ரக எண்ணெயையே ஊற்றவும். அறுவடைக்கு முன்பே இதைச் செய்து முடித்தால் விளைபொருள் வழியில் தேங்காது, உயிருக்கும் பாதுகாப்பு.