நோய் முந்துமா, செய்தி முந்துமா?

எர்ணாவூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். அயல்நாட்டிலிருந்து வரும் கப்பல் மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றுவது மரபு. ‘எங்கள் கப்பலில் நோய் இல்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி தருக’ என்பது அதன் பொருள். இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது?

பிளேக் நோய்க்கு அஞ்சிய வெனிஸ் நகரத்தார் கப்பல்களை 40 நாள் ஒதுக்கி நிறுத்தினர். நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரன்டைன்’ என்ற பெயர் வந்தது. பின்னர் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு விதி வகுத்தது. வணிகம் தடைப்பட்டது, காலராவோ நிற்காமல் பரவியது.

1851-இல் 12 நாடுகள் பாரிஸில் கூடின. ஒவ்வொரு நாடும் ஒரு மருத்துவரையும் ஓர் அரசுத் தூதரையும் அனுப்பியது. பல மாதங்கள் பேசியும் பயனில்லை. காலரா பரவும் விதம் பற்றி மருத்துவர்களிடையே ஒத்த கருத்தில்லை. 1884-இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிசெய்தார். 1892-இல் வெனிஸில்தான் நடைமுறைக்கு வந்த முதல் ஒப்பந்தம் உருவாயிற்று.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆசிய நோய்கள் ஐரோப்பாவுக்குள் நுழையாமல் தடுப்பதே அம்மாநாடுகளின் முதல் நோக்கம். நம் மக்களைக் காப்பதன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் 1897-இல் மீண்டும் வெனிஸில் கூடினர். பிளேக் கண்ட நாடு பிற நாடுகளுக்கு அதை அறிவிக்க வேண்டும் என முடிவாயிற்று.

1925-இல் சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஓர் அலுவலகம் திறந்தது. ஆசியத் துறைமுகங்கள் நோய்ச் செய்திகளை அதற்குத் தந்தியில் அனுப்பின. அவற்றைத் தொகுத்து, வாரந்தோறும் கம்பியில்லாத் தந்தி மூலம் பரப்பினர்.

இதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,000 கி.மீ. மணிக்கு 20 கி.மீ. செல்லும் கப்பலுக்கு 150 மணி நேரம், அதாவது ஆறு நாளுக்கு மேல் ஆகும். வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும் வானொலி அலைக்கோ ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கே போதும். நோயைச் செய்தி முந்திவிடுகிறது!

ஆனால் செய்தியை அனுப்ப மனம் வேண்டுமே! உண்மையைச் சொன்னால் வணிகம் கெடும் என்ற அச்சம் அரசுகளுக்கு உண்டு. உண்மை சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். பெரியம்மை ஒழிப்பின்போது இந்தியா இதற்கு நேர்மாறாகச் செய்தது: நோயாளியைப் பற்றித் தகவல் தந்தவருக்குப் பரிசளித்தது. 1975-க்குப் பின் இங்கே பெரியம்மை பரவவில்லை. 1980-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக, 1948-இல் தோன்றிய உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

உங்கள் தெருவில் ஒரே நேரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டால் மறைக்காமல் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். பன்னாட்டு ஒத்துழைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செய்து பாருங்கள்: மணிக்கு 900 கி.மீ. செல்லும் விமானத்தில் ஒரு நோயாளி சிங்கப்பூரிலிருந்து வருகிறார். செய்தி அனுப்ப நமக்குள்ள நேரம் எவ்வளவு?