மெழுகை ஒட்டும் ஒளி

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் வெள்ளிக் கொலுசின் உறுப்புகளை வெண்காரமிட்டுச் சுடரால் பற்றவைப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். உலோகம் உலோகத்தோடு சேர்வதை அங்கே கண்ணால் காணலாம். ஆனால் உலோகம் வருவதற்கு முன்பே, மெழுகு நிலையிலேயே இணைப்பை முடித்துவிடும் தொழில் ஒன்றும் உண்டு. அதுவே மெழுகு வார்ப்பு. அந்த இணைப்பைப் பற்றி இயற்பியல் மாணவன் என்ற முறையில் சில செய்திகளை இங்கே கூற விழைகிறேன்.

நம் மேட்டூர், பள்ளிபாளையம், மோகனூர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் காவிரியே கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்கு வண்டல் மண்ணைத் தந்தது. அங்குள்ள ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். உடல், கைகள், அணிகலன்கள், பீடம் எனத் தனித்தனியே செய்து, காய்ச்சிய இரும்புக் கருவியால் இணைக்கிறார்கள். பின்னர் வண்டல் பூசி, உலர்த்தி, சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் குடிபுகும்.

தேன்மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.96; வெண்கலத்தின் அடர்த்தி ஏறத்தாழ 8.8. ஒரு கிலோ மெழுகின் இடத்தை நிரப்ப ஒன்பது கிலோ உலோகம் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். மெழுகில் நேரும் பிழையோ அப்படியே உலோகத்தில் பதிந்துவிடும். இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் மண்குழம்பு அதனுள் புகும்; வார்த்தபின் அவ்விடம் வெடிப்பாக நிற்கும். மெழுகு வழிந்து திரண்டிருந்தால் அத்திரளும் உலோகமாகும். அதை அரத்தால் அராவியே தீர்க்க வேண்டும்.

ஆலைகளிலும் இதே நிலைதான். பம்பு, டர்பைன் உறுப்புகளின் மெழுகு வடிவங்களை ஒரு தண்டில் கிளைகளாக ஒட்டி, அந்த 'மரத்தை'ப் பீங்கான் கூழில் முக்குவார்கள். ஒட்டு விட்டுப்போனால் அந்தக் கிளை கூழிலேயே விழுந்துவிடும்.

இங்கேதான் லேசர் நினைவுக்கு வருகிறது. 1960இல் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1964இல் கரியமில வாயு லேசரை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், கரிமப் பொருள்கள் பலவும் அதனை உறிஞ்சிச் சூடேறும். கருவி மெழுகைத் தொடுவதில்லை. எனவே கரியும் ஒட்டாது, மெல்லிய உறுப்பும் வளையாது.

எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நான் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாரபின் மெழுகு ஒரு கிராமை 35 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 77 ஜூல். உருக்க மேலும் 200 ஜூல். ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம், அதே ஆழம் கொண்ட இணைப்பில் உருகுவது 0.009 கிராம்தான். ஆகவே தேவை 2.5 ஜூல். பத்து வாட் லேசரில் பாதி வீணானாலும் அரை விநாடி போதும்!

கணக்கு எளிது, நடைமுறை அவ்வளவு எளிதன்று. மெழுகின் நிறமும் கலவையும் மாறினால் உறிஞ்சும் அளவும் மாறும். சூடு மிகுந்தால் மெழுகு ஆவியாகும், தீயும் பற்றும். உருகும்போது விரிந்த மெழுகு ஆறும்போது சுருங்கிக் குழி விழும். கண்ணுக்குப் புலப்படாத இக்கதிர் கண்ணையே கெடுக்கவல்லது. ஆதலால் தக்க கண்ணாடியும் மறைப்பும் இன்றியமையாதவை.

அப்படியானால் ஸ்தபதியின் சூட்டுக்கோலுக்கு வேலை இல்லாமற் போகுமா? போகாது என்பதே என் கருத்து. ஒரே இணைப்பை நாள்தோறும் ஆயிரம் முறை செய்யும் ஆலைக்கு லேசர் ஏற்றது. ஒவ்வொரு திருமேனியும் தனி வடிவாக அமையும் இடத்தில், எங்கே எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் கையே அறியும். சிறு பட்டறைக்காரர் தனியே வாங்க இயலாத இத்தகைய கருவிகளை, தொழிற்கல்விக் கூடங்களில் பொதுவாக வைத்துப் பயிற்சியளித்தால், கைத்தொழிலாளரே அவற்றை ஆள்வர். கருவி அவர்களை வெளியேற்றாது. இயற்பியல் பயிலும் நாம் அப்பட்டறைகளுக்குச் சென்று, நம் சமன்பாடுகளை அவர்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக!